விருந்தும் விலையும்

மனிதன் பசிக்காக உண்கின்றான். எனினும், பசி ஒன்றற்காக மட்டும் அவன் உண்பதில்லை. வீட்டிலே உறவு பரிமாறுகின்றது. அங்கே விலை இல்லை. சாப்பாட்டுக் கடையிலே விலை உண்டு. அங்கே உறவை எவரும் எதிர்பார்ப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது இடமொன்று இருக்கின்றது. அதுவே இன்று உயர்தர உணவுச்சாலை எனப்படுவது. அங்கே சோறும் கறியும் மட்டும் விற்கப்படுவதில்லை; வரவேற்பும், புன்முறுவலும், இருக்கையை இழுத்து அமரச் செய்யும் பணிவும் சேர்த்தே விற்கப்படுகின்றன. விலை கொடுத்துப் பெற்ற உபசாரம் உபசாரம் ஆகுமா என்பது பழைய வினா. வெள்ளவத்தையின் உணவு மேசைகளைச் சற்றே உற்று நோக்கினால் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கக்கூடும்.

கொழும்பு மாநகரின் தென்பகுதியிலே, காலி வீதியின் இருமருங்கும் பரந்து, மேற்கே கடலையும் கரையோரப் புகையிரதப் பாதையையும் எல்லையாகக் கொண்டது வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் நாடி வந்தோர் பல தலைமுறைகளாகக் குடியேறிய இடம் இது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த எழுதுவினைஞர் பலர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். 'சம்மரி' என்று அவர்கள் அழைத்த அவ்வாழ்க்கையில் மாத முடிவு நெருங்க நெருங்கக் கறியின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். சம்மரி வாய்க்காதவர்களுக்குச் சைவக் கடைகள் துணைநின்றன. அயலிலே பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜும் கிறீன்லாண்ட்ஸும் இவ்வகையிற் பெயர்பெற்றன. அக்கடைகளில் எவரும் உபசாரத்தை எதிர்பார்க்கவில்லை. சோறு சூடாக இருந்தது. சாம்பார் மீண்டும் வந்தது. பில் மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. அது போதுமானதாக இருந்தது.

ஆனால், தமிழர் வாழ்ந்த எல்லா இடங்களிலும் கடையில் அமர்ந்து உண்பது எல்லார்க்கும் எளிதாக வாய்த்ததன்று. இதனை மறைத்துவிட்டு உணவுச்சாலைகளின் வரலாற்றைப் பேசுவது உண்மையாகாது. வடபகுதியின் தேநீர்க்கடைகள் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே அமர அனுமதிக்கப்படவில்லை. வெளியே நின்று, போத்தலிலோ தகரப் பேணியிலோ ஊற்றிக் கொடுக்கப்பட்டதை அருந்திச் செல்லவேண்டியிருந்தது. காசு ஒன்றே, தேநீர் ஒன்றே, பேணி மட்டும் வேறு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கிற்று. ஆயினும், சட்டம் இயற்றப்பட்ட அன்றே எல்லாக் கதவுகளும் திறந்துவிடவில்லை. 1960களின் பிற்பகுதியிலே சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைகளுக்குள் சமமான இருக்கை வேண்டிப் போராட்டங்கள் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாயின. அப்போராட்டத்தில் நேரே பங்குகொண்ட கே. டானியல் 'பஞ்சமர்' முதலிய நாவல்களில் அக்காலத்தை எழுதி வைத்துள்ளார். ஒரு பேணித் தேநீருக்காக உயிர் கொடுத்தார்களா என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். தேநீருக்காக அன்று, அதனை அமர்ந்து அருந்தும் உரிமைக்காகவே கொடுத்தனர்.

வெள்ளவத்தையும் பின்னர்ப் பெரும் இடர்களைக் கண்டது. 1983 யூலையில் இங்கே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எனினும், எரிந்த இடங்களிலேயே கடைகள் மீண்டும் எழுந்தன. 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபின் வடக்கிலிருந்து வந்தோர் பலர் இங்கே தங்கினர். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோரால் விடுதிகள் நிறைந்தன. ஒற்றை வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் உயர்ந்தன. போர் 2009இல் முடிவுற்றபின், புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு வரத் தொடங்கினர். அவர்கள் கையிற் பணம் இருந்தது. நெஞ்சில் ஊர் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கொண்ட யாழ்ப்பாண உணவுச்சாலை வேரூன்றிற்று. கடலை நோக்கிய மரைன் டிரைவில் 'யாழ்' என்னும் பெயருடைய உணவுச்சாலை ஒடியற் கூழுக்கும் நண்டுக் கறிக்கும் பெயர்பெற்றது. இராமகிருஷ்ணா வீதியின் 'சண்முகாஸ்' சைவ உணவுக்குப் பெயர்பெற்றது.

நண்டு அடைந்த உயர்வும் கவனிக்கத்தக்கது. இலங்கைக் களப்பு நண்டுகளில் மிகச் சிறந்தவை நெடுங்காலம் சிங்கப்பூருக்கே ஏற்றுமதியாயின. 2011இல் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் கூடிக் கோட்டையின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் நண்டுக்கென்றே ஓர் உணவுச்சாலையைத் திறந்தனர். ஏற்றுமதிக்குரிய நண்டு உள்நாட்டு மேசைக்கும் வந்தது. ஆனால், அதன் விலையும் ஏற்றுமதி விலையாகவே வந்தது.

இனி, வெள்ளவத்தையிலே இத்தகைய உணவுச்சாலை ஒன்றில் ஒரு சனிக்கிழமை மாலையை எண்ணிப் பார்ப்போம். காலி வீதியிலே கொத்துரொட்டி அடிக்கும் ஓசை தாளம் தவறாமல் கேட்கின்றது. அவ்வோசை கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை. உள்ளே மூன்று மேசைகள்.

முதல் மேசையில் கனடாவிலிருந்து வந்த குடும்பம். தாய் ஒடியற் கூழுக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் கூறுகின்றார். பனங்கிழங்கை அவிக்காமல் வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரிற் கரைத்து ஊறவிட்டு, மேல்நீரை வடித்து, அதன் கசப்பை நீக்கவேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி ஆகியவை வெந்து வரும்போது, புளியும் அரைத்த மிளகாயும் சேர்த்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றுவர். முருங்கையிலையும் இட்டு இறக்குவர். முற்றத்திலே பெரிய பானையைச் சூழ்ந்திருந்து, பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிப்பது ஊர் வழக்கம். மிஞ்சிய மீனையும் கிடைத்த காயையும் கொண்டு ஒரு குடும்பம் முழுவதும் வயிறு நிறைத்த எளிய உணவு அது.

கூழ் வெண்பீங்கான் கிண்ணத்தில், ஒருவர்க்கு ஒன்றாக வருகின்றது. மகன் ஒரு கரண்டி வாயிலிட்டு நீரை நாடுகின்றான். மகள் நண்டின் காலை எடுத்துக்கொண்டு, "அம்மா, இது நல்லா இருக்கு" என்கின்றாள். தாய் குடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருக்கின்றார். சுவை சரியாகவே இருக்கின்றது. பானையும் முற்றமும் அயல்வீட்டாரும் இல்லை. அவற்றை எந்தச் சமையற்காரராலும் பரிமாற இயலாது. ஆயினும், பரிசாரகர் அருகே வந்து, "அக்கா, உறைப்புக் கூடிப்போச்சோ? தம்பிக்கு வேற ஏதும் கொண்டுவரட்டோ?" என்று கேட்கும்போது, அவ்வினாவிலே ஊரின் ஒரு சிறு பகுதி வந்து நிற்கின்றது. அது பட்டியலில் இல்லாத பண்டம்.

இரண்டாவது மேசையில் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த நால்வர்: சிங்களவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், தமிழர் இருவர். ஒருவர் ஹலால் விசாரிக்கின்றார். மற்றொருவர்க்கு அன்று விரதம். நண்டுக் கறி ஒரு பக்கமும் கத்தரிக்காய்க் கறி மறுபக்கமும் வைக்கப்படுகின்றன; புட்டு நடுவில் இருக்கின்றது. நண்டை எவ்வாறு உடைப்பது என்று தமிழர் காட்ட, சிங்கள நண்பர் அதனினும் விரைவாக உடைத்துக் காட்டுகின்றார். எல்லாரும் சிரிக்கின்றனர். 1983இன் நினைவைத் தாங்கிய ஒரு தெருவில் இச்சிரிப்பு சிறிய செய்தியன்று.

மூன்றாவது மேசையிலே ஒரு முதியவரும் அவருடைய பேரனும். பேரனுக்கு முதற் சம்பளம் கிடைத்திருக்கின்றது. முதியவர் வேட்டியும் சால்வையுமாக வந்திருக்கின்றார். பரிசாரகர் உணவுப் பட்டியலைப் பேரனிடம் மட்டும் நீட்டி, ஆங்கிலத்திலே பேசத் தொடங்குகின்றார். பட்டியலும் முழுவதும் ஆங்கிலம். முதியவர் அதனை வாங்கி, புரட்டிப் பார்த்து, "தம்பி, இதிலே தமிழ் இல்லையோ?" என்று மெல்லக் கேட்கின்றார். யாழ்ப்பாணத்துச் சமையலை விற்கும் கடையிலே யாழ்ப்பாணத்து முதியவர் கேட்க நேர்ந்த வினா அது.

பரிசாரகர் ஒரு கணம் தயங்குகின்றார். பின்னர், பட்டியலைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, சற்றே குனிந்து நின்று, "ஐயா, நான் வாசிக்கிறன். என்ன விருப்பமெண்டு சொல்லுங்கோ" என்று ஒவ்வொன்றாகத் தமிழிற் படிக்கின்றார். முதியவர் விலையையும் கேட்கின்றார். "அப்பப்பா, விலையைப் பாக்காதேங்கோ" என்று பேரன் தடுக்கின்றான். முதியவர் புட்டும் மீன்குழம்பும் போதும் என்கின்றார். இறுதியில் ஒரு தேநீர்.

தேநீர் வருகின்றது. வெண்ணிறக் கோப்பை; கீழே தட்டு; பக்கத்தில் சிறு கரண்டி. முதியவர் கோப்பையை உடனே எடுக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது தகப்பனாருடன் சந்தைக்குச் சென்று, தேநீர்க்கடையின் பின்புறத்திலே நின்று, கழுத்திலே கயிறு கட்டித் தொங்கிய போத்தலைத் தாமே எடுத்து நீட்டியவர் அவர். அதனை அவர் பேரனிடம் என்றுமே சொன்னதில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர்க்கும் அதே கோப்பை, அதே தட்டு. அவர் அதனைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக அருந்துகின்றார். "தேத்தண்ணி எப்பிடி, அப்பப்பா?" என்று பேரன் கேட்க, "நல்ல தேத்தண்ணி" என்று மட்டும் சொல்கின்றார்.

இவர் அனுபவத்திலே உயர்தர உணவுச்சாலையின் குறையும் நிறைவும் ஒருங்கே அடங்கியுள்ளன. சாதியை முன்னிட்டுக் கதவை அடைக்க இன்று சட்டம் இடந்தராது. ஆனால், உடையைப் பார்த்து முகத்தை மாற்றுவதைச் சட்டம் தடுக்க இயலாது. அனிச்ச மலர் மோந்தால் வாடும். விருந்தினரோ முகம் சற்று வேறுபட்டாலே வாடிவிடுவர் என்று வள்ளுவர் உணர்த்தினார். அவர் வீட்டு விருந்தைக் கருதியே சொன்னார். எனினும், விலைக்கு விருந்தளிப்போர் அதனை இன்னும் நன்றாக நினைவிற் கொள்ளவேண்டும்; ஏனெனில், அவர்கள் அம்முகமலர்ச்சிக்கும் விலை வாங்குகின்றனர்.

விலை என்பதும் ஒரு கதவுதான். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, சமையல் எரிவாயு இன்றி எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது, முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2024 சனவரியில் பெறுமதிசேர் வரியும் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. பட்டியலில் ஆயிரம் ரூபா என்று கண்ட உணவுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்ந்தால், பில்லில் 1298 ரூபா ஆகின்றது. முதற் சம்பளத்தோடு வந்த பேரன் பில்லைக் கண்டு ஒரு கணம் மௌனமானதும், முதியவர் சால்வை முடிச்சை அவிழ்க்க முற்பட்டதும் இதனாலேதான். அறிந்து கொடுக்கும் விலை கனப்பதில்லை. அறியாது கொடுக்கும் விலையே கனக்கின்றது. முழுத் தொகையையும் பட்டியலிலேயே காட்டிவிட்டால் இச்சங்கடம் நேராது. பட்டியலிலே தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடங்கொடுப்பதற்கும் பெருஞ்செலவு ஏற்படாது.

உண்போர்க்கும் கடமை உண்டு. பரிசாரகர்களிற் பலர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள். பண்டிகை நாளிலும் வீட்டுக்குச் செல்லாது நின்று பிறர்க்குப் பரிமாறுகின்றவர்கள். அவர்களை விரலைச் சொடுக்கி அழைப்பதும், பாதிக் கறியைத் தட்டிலே விட்டு எழுவதும், தாமதத்துக்காகப் பிள்ளைகள் முன்னே அவர்களை ஏசுவதும் நாகரிகமாகா. குறை இருந்தால் சொல்லவேண்டும்; உரியவரிடம், உரிய முறையிற் சொல்லவேண்டும். பணம் கொடுத்தவன் உணவை வாங்குகின்றான். ஒரு மனிதனின் மானத்தை வாங்குவதில்லை.

விலை கொடுத்துப் பெறும் உபசாரம் உபசாரம் ஆகுமா என்பதே தொடக்கத்தில் எழுந்த வினா. பட்டியலைக் கையில் எடுத்துக் குனிந்து நின்று படித்த அந்த இளைஞருக்கு, அவ்வாறு படிப்பதற்கென்று எவரும் ஊதியம் வகுக்கவில்லை. பில்லின் எந்த வரியிலும் அது எழுதப்படவுமில்லை. விலைக்கு அப்பால் கொடுக்கப்பட்ட அந்தச் சிறு பகுதியே விருந்து, எஞ்சியது வியாபாரம். வியாபாரம் வேண்டாம் என்பதன்று, அது செழிக்கவேண்டும். ஆனால், வெள்ளவத்தையிலே ஓர் உணவுச்சாலை உயர்ந்ததா என்று அறிய விரும்புவோர், அதன் விளக்கையும் மேசைவிரிப்பையும் நோக்கவேண்டியதில்லை. வேட்டியோடும் தயக்கத்தோடும் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவரை அது எவ்வாறு அமரச் செய்கின்றது என்பதை நோக்கினாற் போதும்.

முதியவரும் பேரனும் எழுந்து வெளியே வருகின்றனர். கடலோரமாகப் புகையிரதம் ஒன்று தெற்கு நோக்கிச் செல்கின்றது. கதவைத் திறந்து பிடித்து நிற்கும் பரிசாரகரிடம், "தம்பி எந்த ஊர்?" என்று முதியவர் கேட்கின்றார். அவர் ஊரைச் சொல்ல, முதியவர் தலையசைத்து, "போட்டு வாறன், தம்பி" என்று விடைபெறுகின்றார். 'வாறன்' என்பது மீண்டும் வருவேன் என்பதற்குத் தமிழர் சொல்லும் சொல். ஓர் உணவுச்சாலைக்கு அதனினும் உயர்ந்த நற்சான்று வேறில்லை.