வாக்கர் வேண்டாம், பாய் போதும்

பேரன் பேத்தி பிறந்திருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: சக்கரம் வைத்த வாக்கர் வாங்காதீர்கள். அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் உந்துமே தவிர, தன் உடம்பைத் தாங்கி நிற்கப் பழகாது. படிக்கட்டில் உருளும் ஆபத்து வேறு. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

தரையில் பாய் விரித்தால் போதும். தவழும் வரை, விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு 30 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும், நம் பழைய மர நடைவண்டியைக் கண்ணெதிரே தள்ளட்டும்.

எதிர்வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்ததா? நடக்கட்டும். சில குழந்தைகளுக்கு 17 மாதம்கூட ஆகும். ஆனால் 9 மாதமாகியும் தானாக உட்காரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.