எழுத்து எல்லோர் செவிக்கும் எட்டட்டும்



திருவொற்றியூரில் ஆலைச் சங்கு ஒலித்த நாட்களில், அந்த ஓசை பார்வையுடையவர், பார்வையற்றவர் என்று பேதம் பார்த்ததில்லை. இன்று நாம் வெளியிடும் அறிக்கைக்கு அந்தப் பெருமை உண்டா?

2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தில் அம்மோனியா நெடி மக்களை வீட்டைவிட்டு ஓட வைத்தது. அத்தகைய இரவில் எச்சரிக்கை வெறும் படமாகக் கைப்பேசிக்கு வந்தால், பார்வையற்ற தோழர் அதை எப்படி அறிவார்?

அவருக்குக் கண்ணாக இருப்பது திரைவாசிப்பான். திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள். விலை கொடுக்க இயலாதவருக்கும் அது கிட்ட வேண்டுமென்று, ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் என்.வி.டி.ஏ.வைத் தொடங்கினார். அது இன்றும் இலவசம், தமிழையும் படிக்கிறது.

ஆனால் அது எழுத்தைத்தான் படிக்கும், அலங்காரத்தை அன்று! பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டால் பொருளற்ற உளறலே கேட்கும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. நமக்கு இன்னும் ஏன் தயக்கம்? அழகுக்காக எழுத்துகளை இடம்விட்டுப் பிரித்தால், சொல் சிதறிப்போகும். “சிவப்பில் உள்ளவை புதிய விதிகள்” என்றால், சிவப்பு காதில் விழுமா?

தடித்த எழுத்து மட்டும் தலைப்பாகிவிடாது. ‘இது தலைப்பு’ என்று கணினிக்குக் குறித்துக் காட்ட வேண்டும். குறித்தால், ஒரு விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். குறிக்காவிட்டால், ஐம்பது பக்க ஊதிய ஒப்பந்தத்தில் பஞ்சப்படி எங்கே என்று தேட, முதல் வரியிலிருந்து கேட்டாக வேண்டும்!

இது கருணையன்று, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆவது பிரிவில் இந்தக் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

அரசை நோக்கி விரல் நீட்டுவோம், நீட்டத்தான் வேண்டும். அதற்குமுன் நம் சங்கத்தின் சுற்றறிக்கை என்ன நிலையில் இருக்கிறது? சுவரொட்டியைப் படமாக அனுப்புங்கள்; அதே செய்தியை எழுத்தாகவும் உடன் அனுப்புங்கள். கூடுதல் செலவு ஒரு காசுமில்லை. ஐந்து நிமிட உழைப்பு.

ஒரு தோழரின் காதுக்கு எட்டாத அழைப்பு, அனைவருக்குமான அழைப்பாகாது. அடுத்த அறிக்கையிலேயே தொடங்குங்கள்!