பாட்டனார் பெயர்ப் பட்டா
(துறையூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழுது பிழைக்கும் குடும்பங்களை இன்று வருத்துவது யாதென நம்மவரைக் கேட்பின், வரி என்றே பெரும்பாலார் விடை பகர்வர். அதனைச் சற்றே ஆராய்வோம். நாம் செலுத்தும் நிலவரி சொற்பம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. டிராக்டரின் மீது நூற்றுக்கு 12 ஆக இருந்த சரக்கு சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. நாம் விற்கும் வெங்காயத்துக்கு அவ்வரி இல்லாமையால், வாங்கும் பொருளிற் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை என்பது மெய்யான குறையே. ஆயினும் இவற்றினும் பெரிய நஷ்டமொன்றை நாமே விளைத்துக்கொள்கிறோம். அஃதாவது, காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்திருத்தல்.

துறையூர் ஜமீனாக இருந்த இந்நாட்டில், 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரே குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. அதனைப் பெற்ற முன்னோர் பெருஞ்செல்வமெனப் பெட்டியில் வைத்துக் காத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ, வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துத் தனித்தனியே உழுதும், பெயரை மாற்றினாரில்லை.

இதனால் வரும் கேடு யாது? 2019 முதல் மத்திய அரசாங்கம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக அளிப்பது நிலப்பதிவேட்டிற் பெயருள்ள குடும்பத்துக்கே. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்பினும், பயிர்க் காப்புச் செய்யினும் நில ஆவணமே முதற்கேள்வி. பச்சைமலை அடிவாரத்தில் மழை பொய்த்து மக்காச்சோளம் கருகுங்கால், உழுதவன் பெயர் ஏட்டில் இல்லையேல் அவன் துயரமும் ஏட்டில் ஏறாது.

பெயர் மாற்றத் தயங்குவதற்கு இரண்டு காரணம் கூறுவர். முதலாவது செலவு. குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1; அதற்கும் உச்ச வரம்பு உண்டு. 2023 ஜூலையில் அவ்வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயர்ந்ததாயினும், சிறு பங்குடையார் அதனை எட்டுதல் அரிது. பின்னாளில் வழக்காடும் செலவோடு ஒப்பிடின் இஃது அற்பம்.

இரண்டாவது காரணத்தை நாம் வெளிப்படக் கூறுவதில்லை. பத்திரம் எழுதினால் உடன்பிறந்த பெண்களுக்கும் பங்கு கொடுக்க நேருமே என்பதே அது. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு அளித்தது. 2005-இல் மத்தியச் சட்டம் மணமானவருக்கும் அதனை விரித்தது. அவ்வுரிமை பிறப்பால் வருவதென 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே, மறைத்தலால் அப்பங்கு மறையாது. காலந்தாழ்த்தலால் பகையே வளரும். சகோதரியை அழைத்து, பங்கேனும் ஈடேனும் மனமொப்பப் பேசி முடித்தலே குலத்துக்கு அழகு.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு குடும்பமும் வாரிசுச் சான்று பெற்று, பாகப்பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு மனுச் செய்க. ஆண்டுதோறும் தாலுகாவில் நடைபெறும் ஜமாபந்தியில் அம்மனுவை நேரில் கொடுக்கலாம். எழுதப் படிக்க இயலாதார்க்கு நம் சங்கத்து இளைஞர்கள் உடன் சென்று உதவுக. அயற்குலத்தார் கேட்பினும் மறுக்கற்க.

அரசாங்கத்திடம் நியாயம் கேட்பதற்கு முன், வீட்டில் நியாயம் செய்வோமாக.