கருமுட்டையும் மனக்கவலையும்



கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று ஊர் கேட்கத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் போனால் அந்தக் கேள்வி நின்றுவிடும். அதற்குப் பதிலாகத் தீர்ப்பு வரும். "இவளிடம்தான் குறை" என்பார்கள். தமிழில் மலடி என்பார்கள். இந்தி பேசும் ஊர்களில் பாஞ் என்பார்கள். சொல்தான் வேறு. வலி ஒன்றுதான்.

இப்போது புதிதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. "நீ எப்போதும் கவலைப்படுகிறாய். அதனால்தான் உன் கருமுட்டை கெட்டுப் போனது" என்கிறார்கள். படித்தவர்களும் இப்படிச் சொல்கிறார்கள். இது சரியா?

முதலில் கருமுட்டை என்றால் என்ன? கோழி முட்டையை நினைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அதன் அளவு. பேனாவால் வைக்கும் புள்ளியை விடச் சிறியது. பெண்ணின் அடிவயிற்றில், கருப்பைக்கு இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் உள்ளன. கருமுட்டைகள் அங்கேதான் இருக்கின்றன.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய எல்லா முட்டைகளும் அவளிடம் இருக்கின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை. பிறக்கும்போது 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருக்கும். வயதுக்கு வரும்போது சுமார் 3, 4 லட்சம்தான் மிஞ்சும். மற்றவை தாமாகவே அழிந்துவிடும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400, 500 தான். ஒரு பாட்டி தன் மகளை வயிற்றில் சுமந்தபோதே, பேரக் குழந்தையாகப் போகிற முட்டையும் அந்த மகளுக்குள் உருவாகிவிட்டது!

ஆகவே முட்டைக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது. 30 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் 30 வயது. 35-க்கு மேல் முட்டைகள் வேகமாகக் குறைகின்றன. இருப்பவற்றிலும் பழுதுள்ளவை அதிகமாகின்றன. அதனால் கரு தங்குவது கடினமாகிறது. கருச்சிதைவும் கூடுகிறது. முட்டையின் தரத்தைப் பாதிப்பதில் முதல் இடம் வயதுக்குத்தான். இதை எந்த லேகியமும், எந்தப் பூஜையும், எந்த விலை உயர்ந்த ஊசியும் மாற்ற முடியாது.

சரி, கவலை என்ன செய்கிறது?

கருமுட்டை தானாக முதிர்வதில்லை. மூளையிலிருந்து கட்டளை வர வேண்டும். மூளையின் அடிப்பகுதி சில சுரப்புகளை இரத்தத்தில் அனுப்புகிறது. அதைக் கேட்டுச் சினைப்பை ஒரு முட்டையை முதிரச் செய்கிறது. உடம்பு பெரிய நெருக்கடியில் இருக்கும்போது மூளை அந்தக் கட்டளையைக் குறைத்துவிடும். வயிற்றுக்குப் போதாத உணவு, எலும்பு தெரியும் மெலிவு, ஓய்வில்லாத கடும் உழைப்பு, தாங்க முடியாத துயரம், இவையெல்லாம் நெருக்கடிதான். அப்போது முட்டை வெளிவருவது தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். மாதவிலக்கும் தவறும். நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரவு வேலையும் தூக்கக் கேடும்கூடச் சில பெண்களின் மாதவிலக்கைக் குழப்புகின்றன.

ஆனால் அன்றாடக் கவலை வேறு. கடன் கவலை, மாமியார் பேச்சு, "இந்த மாதமும் இல்லையே" என்ற அழுகை, இவை முட்டையைக் கெடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2011-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 14 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 3,583 பெண்களின் விவரம் அதில் இருந்தது. சிகிச்சைக்கு முன் அதிகம் கவலைப்பட்டவர்களுக்கும் கவலை குறைவாக இருந்தவர்களுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே "நீ கவலைப்பட்டதால்தான் குழந்தை இல்லை" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம். ஏற்கெனவே அழுகிறவளை, ஏன் அழுதாய் என்று கேட்டு அடிப்பது போன்றது அது.

உண்மையில் கெடுப்பவை வேறு சில உண்டு. முதலாவது புகையிலை. பீடி, சிகரெட் மட்டுமல்ல. வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை, குட்கா, பல் தேய்க்கும் புகையிலைப் பொடி எல்லாமே உடம்புக்குக் கேடுதான். புகை பிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுகிறது. முட்டைகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன என்று பொருள். வடக்கிலும் கிழக்கிலும் பல மாநிலங்களில் பெண்கள் புகையிலை மெல்லுவது சாதாரணப் பழக்கம். வீட்டில் ஆண் விடும் புகையும் பெண்ணின் உடம்புக்குள் போகிறது. இதை ஆண்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது உடல் எடை. மிகவும் மெலிந்தாலும் கெடுதல், மிகவும் பருத்தாலும் கெடுதல். "சினைப்பையில் நீர்க்கட்டி" என்று டாக்டர் சொன்னதும் பல பெண்கள் பயந்துபோகிறார்கள். புற்றுநோயோ என்று அழுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப் பைகள்தான் படத்தில் அப்படித் தெரிகின்றன. எடை கூடுதலாக உள்ள பெண், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு எடை குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. 70 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலும் பலன் உண்டு. பட்டினி கிடக்கக் கூடாது. நடக்க வேண்டும். இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் குறைய வேண்டும்.

பலன் உடனே தெரியாது. ஒரு முட்டை முதிர்வதன் கடைசிக் கட்டத்துக்கே சுமார் மூன்று மாதம் ஆகிறது. இன்று புகையிலையை விட்டவர் அடுத்த மாதமே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம் காசநோய். அது நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. சில பெண்களுக்கு இருமலே இல்லாமல் கருக்குழாயைத் தாக்கி அடைத்துவிடும். முட்டை நன்றாக இருந்தும் வழி இல்லாமல் போகும். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு. தைராய்டு கோளாறும் மாதவிலக்கைக் குழப்பும். அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் குடும்பங்களும் ஏராளம். மனைவி பீகார் கிராமத்தில் இருப்பாள். கணவன் மும்பையில் கட்டட வேலை செய்வான். ஆண்டுக்கு இரண்டு முறை பத்துப் பத்து நாள் ஊருக்கு வருவான். வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை இருக்கும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது. அவன் வந்த பத்து நாளில் அந்த நாள் வராமலே போகலாம். இப்படி மூன்று ஆண்டு போனால், ஊர் அவளை மலடி என்கிறது. உண்மையில் அங்கே நோயே இல்லை!

ஆண்களுக்கு ஒரு செய்தி. குழந்தை இல்லாத இணைகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆணிடமும் குறை இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை மிக எளிது. ஊசி இல்லை, கத்தி இல்லை. ஆனாலும் பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் பல ஆண்கள் வருகிறார்கள். சிலர் வருவதே இல்லை. மறுமணம் செய்துகொள்கிறார்கள். அங்கேயும் குழந்தை பிறக்காது.

1978-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி, உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கி ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். இன்று அந்தச் சிகிச்சை பல நகரங்களில் நடக்கிறது. செலவு லட்சக்கணக்கில் ஆகும். நிலத்தை விற்றுச் செய்பவர்களும் உண்டு. அதுவும் முட்டையின் வயதைக் குறைக்காது. இதற்கு 2021-இல் ஒரு சட்டம் வந்தது. கருமுட்டையை விற்பதும் வாங்குவதும் அந்தச் சட்டப்படி குற்றம். தானம் தரும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். "முட்டை கொடு, பணம் தருகிறோம்" என்று தரகர்கள் ஏழைப் பெண்களைத் தேடி வருவதுண்டு. அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படிக்க வேண்டும்.

சேர்ந்து வாழ்ந்தும் ஓர் ஆண்டு கரு தங்காவிட்டால் டாக்டரிடம் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். இருவரும் சேர்ந்து போக வேண்டும். டாக்டர் முதலில் மாதவிலக்குத் தேதியைத்தான் கேட்பார். சுவரில் மாட்டிய காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் நாளைப் பேனாவால் வட்டமிட்டு வைத்தால் போதும். எத்தனை நாள் நீடித்தது என்பதையும் பக்கத்தில் எழுதலாம். மூன்று, நான்கு மாதத் தாள்களைக் கிழித்துப் போடாமல் மடித்துக் கையோடு கொண்டுபோகலாம்.