இரண்டு பில், ஒரு விடை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மேசையில் ஒரு தோசை, ஒரு தேநீர். பில் 5 வெள்ளி. அடுத்த மேசையில் இரண்டு தோசை, ஒரு தேநீர். பில் 8 வெள்ளி. தோசை என்ன விலை?

இரண்டு பில்லிலும் தேநீர் ஒன்றுதான். அதனால் பெரிய பில்லிலிருந்து சின்ன பில்லைக் கழியுங்கள். மிஞ்சுவது ஒரு தோசை, 3 வெள்ளி. அப்படியானால் தேநீர் 2 வெள்ளி.

தெரியாதது இரண்டு என்றால் தகவலும் இரண்டு வேண்டும். ஒரு பில் போதாது. பொதுவானதைக் கழித்தால் விடை கிடைக்கும். பிள்ளைகள் படிக்கும் நேரியல் சமன்பாடு இதுதான். சீனக் கணித அறிஞர்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிக் கழித்து விடை கண்டார்கள்.

கணக்குக்குப் பயப்படும் பிள்ளையிடம் இன்று இரண்டு பில்லைக் கொடுத்துப் பாருங்கள். பயம் விலகும்.