ஒயரை இழுக்கும் முன்



டெல்லி – ஜெய்ப்பூர் நெடுஞ்சாலை. இரவு நேரம். ஒரு வேன் போகிறது. திடீரென்று அதன் வலது பக்க ஹெட்லைட் அணைந்துவிட்டது. இடது பக்க விளக்கு மட்டும் எரிகிறது. எதிரே லாரி வருகிறது. ஒற்றை விளக்கைப் பார்க்கும் லாரி டிரைவர், வருவது மோட்டார் சைக்கிள் என்று நினைத்தால் என்ன ஆகும்?

நல்ல வேளை, வேன் டிரைவர் உடனே ஓரம் கட்டினார். பல்பைப் பார்த்தார். அதில் பழுது இல்லை. பின்னால் மாட்டும் கப்ளர்தான் கருகியிருந்தது.

ஏன் கருகியது? ஒரு சின்னக் கணக்கு போடலாம். பல்பு 60 வாட். பாட்டரி 12 வோல்ட். ஆக, 5 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. பல்பின் தகட்டைக் கப்ளருக்குள் இருக்கும் பின் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் அங்கே தடை உண்டாகும். அந்தத் தடை வெறும் 0.2 ஓம் இருந்தாலும், அந்தச் சின்ன இடத்தில் 4 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். மணிக்கணக்கில் சூடேறினால் பிளாஸ்டிக் தாங்குமா?

காலையில் வண்டி பட்டறைக்கு வந்தது. கப்ளரில் மூன்று ஒயர்கள். ஒரு பின் எரிந்துவிட்டது. மற்ற இரண்டும் நல்ல பின்கள். அவற்றைக் கழற்றிப் புதுக் கப்ளரில் மாட்ட வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒயரைப் பிடித்தான்.

“இழுத்தா வந்துடும், உஸ்தாத்.”

“ஒயர் வரும் தம்பி. பின் வராது” என்றார் உஸ்தாத். மூத்த மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

முதலில் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினார். பிறகு ஒரு காகிதத்தில் கப்ளரின் மூன்று துளைகளையும் வரைந்தார். எந்தத் துளையில் எந்த நிற ஒயர் என்று பையனையே எழுதச் சொன்னார். அவன் எழுத்துக் கூட்டி எழுதினான்.

பின்னின் முதுகில் ஒரு சிறு நாக்கு உண்டு. பின் உள்ளே போகும்போது அது மடங்கும். போய்ச் சேர்ந்ததும் விரிந்து பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளும். தூண்டில் முள் மாதிரிதான். இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

உஸ்தாத்திடம் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இருந்தது. நுனியை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி வைத்திருந்தார். கடையில் இதற்கென்றே கருவி கிடைக்கிறது. ஆனாலும் பழகிய கம்பியை யார் விடுவார்கள்?

முதலில் ஒயரைச் சற்று முன்னால் தள்ளினார். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தள்ளினால்தான் நாக்கின் மீதுள்ள இறுக்கம் குறையும். பிறகு கப்ளரின் முன்பக்கமாகக் கம்பியை விட்டு நாக்கை அழுத்தினார். பின்னாலிருந்து ஒயரை மெல்ல இழுத்தார். பின் வழுக்கிக்கொண்டு வந்தது. வராவிட்டால்? நாக்கு இன்னும் விடவில்லை என்று அர்த்தம். பலத்தைக் கூட்டக் கூடாது. திரும்பவும் தள்ளி, திரும்பவும் அழுத்த வேண்டும்.

எல்லாக் கப்ளரும் இப்படி இருக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, மோட்டார் சைக்கிளிலும் சென்சார்கள் பெருகிவிட்டன. தண்ணீர் புகாத சிறிய கப்ளர்கள் வந்துவிட்டன. இவற்றில் பலவற்றில் நாக்கு பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். உடைந்தால் ஒட்ட முடியாது. வேறு நிறத்தில் இரண்டாவது லாக் ஒன்றும் இருக்கும். அதை முதலில் விடுவிக்க வேண்டும். ரப்பர் வளையம் கிழியாமல் பார்க்க வேண்டும். காரில் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கப்ளரில் மட்டும் கை வைக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது.

எரிந்த ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புதுப் பின் பொருத்தினார் உஸ்தாத். நல்ல பின்களின் அமுங்கிய நாக்கை ஊசி முனையால் மயிரிழை அளவு தூக்கிவிட்டார். பையன் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினான். ‘டக்’ என்று மூன்று முறை கேட்டது.

“இப்ப இழுத்துப் பாரு” என்றார் உஸ்தாத்.

மெல்ல இழுத்தான். எந்த ஒயரும் அசையவில்லை. கப்ளரைப் பல்பில் மாட்டி, பாட்டரி ஒயரை இணைத்தான். டிரைவர் சுவிட்சைப் போட்டார். இரண்டு விளக்கும் எரிந்தன.