சோளகக் காற்றும் கம்பெனிகளின் போட்டியும்

மன்னார்த் தீவுக்குச் சோளகக் காற்று புதியதன்று. அக்காற்றை மின்சாரமாக்கும் தொழிலே புதியது. இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. தென்கரையோரமாக 30 காற்றாலைகள். மொத்த ஆற்றல் 103.5 மெகாவாட்.

இயந்திரங்களைச் செய்தது டென்மார்க்கின் வெஸ்டாஸ் கம்பெனி. எனினும் அவற்றின் திறன் அக்கம்பெனியால் மட்டும் விளைந்ததன்று. 1990களில் ஜேர்மனியின் எனர்கான் கம்பெனி பற்சக்கரப் பெட்டி இல்லாத காற்றாலையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பழுதாகக்கூடிய ஓர் உறுப்பு அதனால் குறைந்தது. பின்னாளில் சீமென்ஸ் அவ்வழியைப் பின்பற்றிற்று. வெஸ்டாஸோ தன் பழைய முறையையே செம்மைப்படுத்திப் போட்டியிட்டது. ஒருவர் புதுமை செய்தால், எதிராளி அதனைக் கைக்கொள்ள வேண்டும். அன்றேல், தன் வழியைத் திருத்த வேண்டும். வாளாவிருக்க இயலாது.

விலையிலும் இதனைக் காணலாம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் நிலையங்கள் அமைக்க முன்வந்த அதானி நிறுவனத்துக்கு, 2024இல் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என அரசு இசைந்தது. அது கேள்விப்பத்திரப் போட்டியின்றிப் பேசி முடித்த விலை. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே தீவில் 50 மெகாவாட் நிலையத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது, ஹேலீஸ் குழுமம் 4.65 சதத்துக்கு அதனைப் பெற்றது. இரண்டின் அளவும் நிபந்தனைகளும் ஒன்றல்ல. ஆயினும் போட்டியின் வலிமை விளங்குகிறது.

ஆனால் போட்டி, தான் எதை அளக்கிறதோ அதனையே வளர்க்கும். பூநாரை முதலிய வலசைப் பறவைகள் மன்னாரை நாடி வருகின்றன. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தம்பபவனியில் பறவைகளைக் கண்டறியும் ராடார் கருவி அமைந்தது கம்பெனிகளின் போட்டியாலன்று. கடன் தந்த ஆசிய அபிவிருத்தி வங்கியின் சூழற் பாதுகாப்பு விதிகளாலேயாம்.

மழைநீர் வடியவில்லை, மீன்பிடி கெடுகிறது என மன்னார் மக்கள் முறையிட்டனர். 2025 ஆகஸ்டில் போராட்டம் வலுத்தபோது, புதிய காற்றாலைப் பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க அரசு பணித்தது. விலை மலிந்தும் அம்மக்களின் குறை தீரவில்லை.

பறவையும் வடிகாலும் மீனவர் பிழைப்பும் கேள்விப்பத்திரத்திலேயே நிபந்தனைகளாக இடம்பெறட்டும். அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்றால், கம்பெனிகள் அவற்றிலும் ஒன்றையொன்று முந்த முயலும். அதனை விதிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது.